குடிநீர் இயந்திரம் தந்தால் போதாது, ஓட்டவும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில் அரசுப் பள்ளிகளுக்கு ஆர்.ஓ. எனும் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரமும் கழிப்பறையும் கிடைப்பது நல்ல செய்தி. ஆனால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கல்வெட்டு மட்டும் பளபளக்க, குழாய் காய்ந்து கிடக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. பணம் எந்த மாதத்தில், எதற்காகச் செலவாகிறது என்பதில்தான் கோளாறு.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவழியாத தொகை, பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டத்துக்கு உரியதல்ல என்றால், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்றவற்றுக்குப் போய்விடும். இதனால் நிதியாண்டின் கடைசி மூன்று மாதங்களில் அவசரம் தொற்றிக்கொள்கிறது. பில் போட்டு, இறக்கி வைத்து, படம் எடுத்து மார்ச் 31க்குள் முடியக்கூடியது எது? இயந்திரம்தான்.

அந்த இயந்திரம் எப்படிப் பழுதாகிறது என்று பார்ப்போம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பார்கள், கலக்கத்தான் வேண்டும். அந்தக் குளோரினை ஆர்.ஓ.வின் கார்பன் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். கார்பன் தீர்ந்தபின் மாற்றாவிட்டால் குளோரின் நேரே, உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனுக்குப் போய் அதைக் கெடுத்துவிடும். பிறகும் மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். உப்பும் சேர்ந்தே வரும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்க்க ஆளில்லாத பள்ளியில் இது யாருக்கும் தெரியாது. கடின நீர் உள்ள ஊரில், சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் மருந்தை விட்டுவிட்டால் மெம்பிரேன் அடைத்துப் போகும். முன்னால் இருக்கும், தூசியை வடிக்கும் 5 மைக்ரான் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அழுத்தம் குறைந்து பம்ப் திணறும். எல்லாவற்றையும்விட மோசமானது கோடை விடுமுறை. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் மெம்பிரேனில் பாசி போல் வழுவழுப்பு படிந்துவிடும். பூட்டுவதற்கு முன் நன்கு கழுவி, ஒரு சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி வைத்தால் ஜூனில் சிக்கல் இல்லை. செலவு சொற்பம், செய்ய ஆள்தான் இல்லை.

கழிப்பறைக் கதையும் இதுவே. மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகள் பற்றிய மத்திய தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி.யின் அறிக்கை 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 15 மாநிலங்களில் தேர்ந்தெடுத்த 2,695 கழிப்பறைகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவற்றில் 200, கட்டியதாகக் கணக்கில் இருந்தும் இடத்தில் இல்லை. முழுமையாகக் கட்டியவற்றில் 72 சதவீதத்தில் குழாய்த் தண்ணீர் இல்லை. கட்டிய நிறுவனமே 3 முதல் 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும், அந்தச் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று அந்தத் திட்டத்தின் விதியிலேயே இருந்தது என்பதுதான் வேதனை.

பராமரிப்புக்குப் பணம் தர விதி இடம் தராது என்று நிறுவனங்கள் சொல்வதை ஏற்க முடியாது. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பின், ஒரு பணியைத் தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் செலவிடலாம். மீதத் தொகையை ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டால் போதும். திட்டத்தைச் செயல்படுத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு, நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத உச்சவரம்பிலும் சேராது. ஃபில்டர் மாற்ற வரும் டெக்னீஷியன் சம்பளத்தைத் தாராளமாக இதில் கொடுக்கலாம்.

விதியில் ஓட்டையும் உண்டு. சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிடக் கடமைப்பட்ட நிறுவனம், ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும், பலன் கிடைத்ததா என்று பார்க்கும் தாக்க மதிப்பீடு செய்தால் போதும். ஒரு பள்ளிக்கான சில லட்ச ரூபாய் வேலை தனித் திட்டமாக எழுதப்பட்டால், அது ஓடுகிறதா என்று பார்க்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நிறுவனங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இயந்திரம் வாங்குமுன் கிணற்று நீரை மே மாதத்தில் பரிசோதியுங்கள். டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, ஃப்ளூரைடு, நைட்ரேட் போன்றவையும் வரம்புக்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, ஃபில்டரும் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் போதும். ஆர்.ஓ. வைத்தே ஆக வேண்டுமென்றால் கழிவு நீரைக் கணக்கில் கொள்ளுங்கள். சிறிய இயந்திரங்களில் உள்ளே போகும் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ வெளியே போய்விடும். 300 பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் குடிநீர் தந்தால், குறைந்தது அதே அளவு உப்பு நீர் சேரும். அதைத் தனித் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கு விட்டால் இரண்டு வேலையும் நடக்கும். செடிகளுக்கு ஊற்ற வேண்டாம், மண் உவர்ப்பாகும்.

ஒப்பந்தத்தில் மூன்றாண்டுப் பராமரிப்பு, மெம்பிரேன் ஒரு முறை மாற்றும் செலவு, தூய்மைப் பணியாளர் ஊதியம், மின்கட்டணம் யார் பொறுப்பு என்ற விவரம் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பராமரிப்புத் தொகையை விற்பனையாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவையும் தலைமை ஆசிரியர் கையெழுத்தையும் பார்த்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுங்கள். இந்த நான்கும் இல்லாத நன்கொடை வந்தால், அவற்றையும் சேர்த்துத் தருமாறு பள்ளி மேலாண்மைக் குழுக்களும் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். நன்கொடைகளை ஒருங்கிணைக்க 2022இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்திலும் இதைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளிக் குடிநீர், கழிப்பறைப் பணிகளை ஆய்வு செய்யும் பொறியாளர்கள்,
சேலம்.