நன்றியுரைப் பக்கத்துக்கு வெளியே

அன்புடையீர், வணக்கம்.

என் எம்.எஸ்ஸி. இயற்பியல் ஆய்வேடு போன வாரம் ஏற்கப்பட்டுவிட்டது. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், எப்படி அதிர்கிறது என்பதுதான் பொருள். ஆய்வேட்டில் நன்றியுரைக்கு ஒரே ஒரு பக்கம். முதல்வர், துறைத்தலைவர், நெறியாளர் என்று அதற்கும் ஒரு வரிசை உண்டு. வரிசை முடிவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. இந்த வேலைக்குக் கையும் காதும் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அந்த வரிசையில் வராதவர்கள். அதனால் இந்த மடல்.

முதலில் எங்கள் ஊர் மிருதங்கப் பட்டறை ஐயாவுக்கு.

வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால், அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால், அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாக வரும். சத்தம் இருக்கும், சுருதி இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் அவையே 1, 2, 3 என்று ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், கரணை, செய்கிற வேலை அது. இதைப் பாடமாகப் படிக்க ஒரு பக்கம் போதும். கரணை வைக்க வைக்க ஒலி எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டுமானால், வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஐயா உட்காரவிட்டார். கிட்டாங்கல் என்கிற கறுப்புக் கல்லின் பொடியையும் வடித்த சோற்றையும் சேர்த்துப் பிசைந்த மசியலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தோலில் வைத்து, கட்டைவிரலால் வட்டமாகப் பரப்புவார். பிறகு வழவழப்பான கல்லால் அது காயும்வரை தேய்ப்பார். அடுத்த பூச்சு முன்னதைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம். இப்படியே நடுவில் கனம் ஏறும். தேய்க்கிற தேய்ப்பில் கரணையில் மயிரிழை வெடிப்புகள் விழும். அவை இருந்தால்தான் தோல் அதன் அடியில் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் வேலையை நிறுத்தி, நான் தட்டிப் பதிவு செய்துகொள்ளக் காத்திருப்பார். கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அந்த நிறுத்தமெல்லாம் நஷ்டம். மடிக்கணினியில் என் வரைபடம் வருவதற்குள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் வாய் திறக்கல பாப்பா" என்பார். வரைபடமும் கொஞ்ச நேரம் கழித்து அதையேதான் சொல்லும்.

தோலின் மேல் மணல் தூவிப் பார்க்கப்போகிறேன் என்றபோது மட்டும் முகம் மாறிவிட்டது. "மண்ணையா? தோலு என்னத்துக்கு ஆகும்?" என்றவர், அப்புறம் மனசு கேட்காமல் பரணிலிருந்து பழைய மூட்டு (கரணை வைத்த தோல்தலை) ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தட்டியதும் மணல் நகர்ந்து, அசையாத கோடுகளில் ஒதுங்கி நின்றது. அவரும் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

கச்சேரியில் மைக் வைத்தவர்வரை நன்றி சொல்கிறார்கள். மூட்டு அடித்தவர் பெயரை மேடையில் நான் கேட்டதே இல்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஐயாவின் பெயரில்தான் தொடங்குகிறது.

நெறியாளர் மேடத்துக்கு நன்றியுரையில் இரண்டு வரி கிடைத்தது, அது காணாது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடிப் போன என்னிடம், "சாயந்திரம் என்ன பண்ணுவே?" என்று கேட்டார். மிருதங்கம் வாசிப்பேன் என்றேன். மறுநாள் சி.வி. ராமனின் கட்டுரை என் மேசையில் இருந்தது. திருச்சியில் பிறந்த ராமன் இதைப் பற்றி 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார்; 1934-இல் பெங்களூரிலிருந்து விரிவாக எழுதினார். மணல் தூவிப் பார்ப்பதும் அவர் காட்டிய வழிதான். ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களாகக் கூடி நிற்பதை அவர் விளக்கும் இடத்தை விடுதி மொட்டைமாடியில் தாளம் போட்டுக்கொண்டே படித்தேன். நோபல் பரிசு வேறு வேலைக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால் இதற்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

என் குருவுக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய மதிப்பில்லை. அவர்தான் பத்து வயதில் எனக்கு 'நம்' என்கிற அடியைச் சொல்லிக் கொடுத்தவர். "மோதிர விரல கனமா ஊனாத. கரணை ஓரத்துல சும்மா தொடு. அப்புறம் மீட்டுல தட்டு." மீட்டு என்பது தோலின் வெளி ஓர வளையம். அந்தத் தொடுகை அடிப்படை அதிர்வை அமுக்கிவிட்டு, விரலுக்கு அடியில் அசையாக் கோடு ஓடுகிற அதிர்வை மட்டும் பேசவிடுகிறது என்பது மணலைப் பார்த்தபோது விளங்கியது. ஓடிப்போய்ச் சொன்னேன். "அதைத்தானே சொன்னேன்" என்றார். அரங்கேற்றத்துக்கு முதல் நாள், "மேடையில உன் கணக்கெல்லாம் போட்டுக்கிட்டு இருக்காத" என்று எச்சரித்தார். கோர்வை, தீர்மானம் என்று தாளக் கணக்கிலேயே குடியிருப்பவர் சொன்ன புத்திமதி அது!

அம்மாவுக்கு. பெண்பிள்ளைக்கு மிருதங்கம் எதற்கு, வீணை சேர்த்துவிடுங்கள் என்று ஓரிடத்தில் சொன்னபோது, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறிய திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளின் பெயரைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர். படிப்பா, வாசிப்பா, எதை விடப்போகிறாள் என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு, "அவ மிருதங்கத்துக்குத்தான் ஃபிசிக்ஸ் படிக்கிறா" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். நான் யார் என்று எனக்கே குழப்பமாக இருந்த நாட்களில் நானும் அந்தப் பதிலைத்தான் கடன் வாங்கினேன். இப்போது அது என் சொந்தப் பதிலாகிவிட்டது.

ஆய்வகத்து அண்ணன் ராத்திரி எட்டு மணிவரை சாவியோடு காத்திருந்தார். மின்விசிறிச் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று வியர்வையோடு உட்கார்ந்திருந்தவர் அவர். விடுதித் தோழிகள் உப்புமாவுக்கு வைத்திருந்த ரவையை, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்குப் பூசக் கொடுத்தார்கள். பாக்கெட் திரும்ப வரும். மாதக் கடைசி கழியட்டும்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை ஐயாவின் பட்டறையில் வைத்திருக்கிறேன். வார் இழுக்கவும் தட்டு மாற்றவும் வருகிறவர்கள் தாராளமாகப் புரட்டலாம். மணல் படங்கள் நான்காம் அத்தியாயத்தில் இருக்கின்றன. கரணை மசியல் பட்ட கையோடு மட்டும் தொடாதீர்கள் என்று ஐயாவே அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி, மகள், பாப்பா
கும்பகோணம்