தம்பிக்கு: வண்டி உனக்கு, ஆனால் முதலில் ஃபேனைப் பார்

தம்பி,

உரிமையாளர் இறந்தபின் வண்டியைப் பெயர் மாற்றும் 31-ஆம் எண் படிவத்தோடு வைக்க வேண்டிய என் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அப்பாவின் மாருதி 800 இனி உன் பெயருக்கு மாறும். ஏன் திதி கழியும்வரை இழுத்தேன் என்பது உனக்குத் தெரியும். இங்கே எழுதினால் சித்தப்பா வீட்டில் வேறு மாதிரி படிப்பார்கள். வண்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வண்டி நின்றால் இஞ்சின் கொதிக்கிறது, ஓடினால் அடங்குகிறது. பாதி விடை அதிலேயே இருக்கிறது. அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே, இஞ்சின் தண்ணீர் சுற்றி வந்து ஆறும் ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஃபேனுக்கு வேலையே இல்லை. சிக்னலில் நின்றால் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஏற்றத்திலும் பைபாஸிலும் அல்லவா சூடு காட்டும் முள் முதலில் ஏறும்? நீ கொண்டுபோன பட்டறையில் இதை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டம் தட்டி, போதாததற்கு, சூட்டைப் பொறுத்துத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி வீசிவிட்டு, "இனி சூடே ஆகாது" என்று பில் கொடுத்தார்கள். அந்தப் பணம் யாருடையது என்பதையும் எழுதப் போவதில்லை.

பரனூர் டோல்கேட்டை நீ மறந்திருக்க மாட்டாய். வரிசை நகரவில்லை, முள் சிவப்பைத் தொட்டது, நீ பானட்டைத் தூக்கி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனாய். உன் மாமியார் பார்க்க, உன் கையில் ஓங்கி அடித்தேன். அடித்ததற்கு மன்னித்துக்கொள். தடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த மூடியில் 0.9 என்று பொறித்திருப்பது அது உள்ளே அடக்கி வைக்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே குமுறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். துண்டு என்ன செய்யும்? அன்று செய்ய வேண்டியிருந்தது ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரைக் கூட்டுவது. அப்படியும் முள் இறங்காவிட்டால் ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துவது. சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றக்கூடாது, அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அந்த ஒரு அடியைச் சாக்காக வைத்து நீ ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை என்று கேள்விப்பட்டபோது... சரி, பலர் படிக்கிற இடம் இது.

இப்போது நீ செய்ய வேண்டியது. காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். இஞ்சின் சூடாகும் முன்பே ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்தால், அல்லது ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், அப்போது கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். இரண்டும் இல்லையென்றால் ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதே.

அடுத்து மூடியைப் போட்டுவிட்டு ஐடிலில் ஓடவிடு. முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லையா? இஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வை. ஃபேன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், சூடு ஏறியதும் ஃபேனைப் போடும் தெர்மோ ஸ்விட்ச் வரும். கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஒயர் இருந்தால் ஒரு துண்டுக் கம்பியால் இரண்டையும் சேர். ஒற்றை ஒயர் என்றால் பாடியில் எர்த் கொடு. மீட்டர் முள் எகிறினால் உடனே எடுத்துவிடு, நீ பிடித்தது மீட்டர் சென்சார். ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது, மாற்று. சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடு. அதில் சுற்றினால் கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ எர்த்திலோ இருக்கிறது. அதிலும் சுற்றாமல், ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் சுற்றினால் மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. என் சந்தேகம் அதில்தான். அப்பா இருந்தபோதே அந்த மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. (உன் புது வண்டியில் இந்த ஒயர் வித்தை வேண்டாம், அங்கே ஃபேனை ஓட்டுவது கம்ப்யூட்டர்.) சாவி ஆனில் இருக்கும்வரை இறக்கைக்குள் விரல் போகக்கூடாது.

ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைக் காட்டு. உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டார் மாற்றியவர் ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூண்டு உடைந்திருந்தாலும் சூடான காற்றே திரும்பத் திரும்பச் சுழலும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசியின் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீர் விடு. வாட்டர் சர்வீஸ்காரரின் பிரஷர் கன் பட்டால் ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப்பாதையே அடைபடும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், டிராஃபிக்கில் கொதிப்பதும் நிற்காது. திறக்கும் வெப்பநிலை அதன் மேலேயே இருக்கும், 82 அல்லது 88. மாட்டுமுன் சட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுப் பார், அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். மாட்டும்போது அதிலுள்ள சின்னக் காற்றுத்துளை மேல்பக்கம் இருக்கட்டும்.

போர் தண்ணீர் ஊற்றாதே, உப்புப் படிந்து டியூப் அடைக்கும். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. இஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்று. காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் எல்லாம் புதிதாக இருந்தாலும் முள் ஏறும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்று. வாட்டர் பம்ப் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

வடித்த பழைய கூலண்டை வாசலில் கொட்டாதே. இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

மூடிக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் ஆகும் காசு உன்னுடையது, கழற்ற விட்டவன் நீ. ஃபேன் மோட்டாரில் பாதி நான் தருகிறேன். பில்லோடு வா. போனில் பேச வேண்டாம்.

அக்கா