காற்று எப்போது திரும்பும்? வானிலை சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வானிலை முன்னறிவிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு குளிர்காலத்தைக் கழித்துவிடக்கூடிய கடற்கரையில் வாழ்கிறவன் எழுதுகிறேன். உறைமழை, அதாவது தண்ணீராக விழுந்து தொட்ட இடத்திலேயே பனிக்கட்டியாகும் மழை, இங்கே அபூர்வ விருந்தாளி. வந்துபோன தடத்தைப் பெரியவர்கள் வருடம் சொல்லி நினைவுகூர்வார்கள், அவ்வளவுதான். கடைசியாக அது வந்த நாளுக்கு முந்தைய மாலை, அறிவிப்பில் இருந்த வரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "லேசான உறைமழைக்கு வாய்ப்பு. 5 மி.மீ. வரை பனிக்கட்டி படியலாம்." கைபேசி 3 டிகிரி காட்டியது. 3 டிகிரியில் என்ன உறைந்துவிடப் போகிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு ஒரு சத்தம் என்னை எழுப்பியது. முதலில் படீரென்று ஒரு முறிவு. கொஞ்சம் மௌனம். அப்புறம் கண்ணாடித் தட்டுகளை அடுக்கோடு கீழே போட்டதுபோல ஒரு சரிவு. மின்சாரம் ஏற்கெனவே போயிருந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தேன். துணி உலர்த்தும் கம்பி என் கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. மெழுகுவத்திக்குள் திரி தெரிவதுபோல உள்ளே கம்பி தெளிவாகத் தெரிந்தது. அடியில் வரிசையாகத் துளிகள் தொங்கியபடியே உறைந்து நின்றன. வேடிக்கை என்னவென்றால், என் காலடியில் வெறும் சேறு. தரையில் ஒரு பொட்டுப் பனிக்கட்டி இல்லை. மண் இன்னும் சூடாகவே இருந்தது. தலைக்கு மேலே இருந்த எல்லாம் கண்ணாடியாகிவிட்டது.

உங்கள் மேல் கோபம் வந்தது உண்மை. அப்புறம் ஓராண்டாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கணிப்பு தப்பியதை இப்போது நான் பெரிதுபடுத்தவில்லை. அது தப்பக்கூடும் என்று உங்களுக்கு முந்தைய நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் எங்களிடம் ஒற்றை எண்ணை நீட்டினீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. உறைமழைக்கு வானம் மூன்று அடுக்காக நிற்க வேண்டும். மேலே வெண்பனியாகப் புறப்படுவது, நடுவில் பூஜ்யத்துக்கு மேலான ஒரு வெதுவெதுப்பான அடுக்கில் முழுக்க உருகி, தரையை ஒட்டிய குளிர்க் காற்றுக்குள் மழைத்துளியாக நுழைகிறது. அந்த அடியடுக்கு மெல்லியதாக இருந்தால் துளி உறைய நேரமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் கெட்டியாகிறது. அடியடுக்கு போதிய தடிமனாக இருந்தால் வழியிலேயே உறைந்து மணிமணியாகக் கூரையில் துள்ளும். அதில் சாலை வழுக்கும், மரம் முறியாது. நடு அடுக்கின் உச்ச வெப்பம் 3 டிகிரியைத் தாண்டினால் பனி முழுதாக உருகும் என்பதும், 1 டிகிரியை ஒட்டி நின்றால் உருகியும் உருகாமலும் வந்து சேரும் என்பதும் உங்கள் கைக்கணக்கு. ஆக வெண்பனி, பனிமணி, உறைமழை, சாதா மழை நான்கும் ஒரே மேகத்திலிருந்து, ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் வருகின்றன. லேசான காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கடலோரத்தில் இது இன்னும் சிக்கல். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது அல்லவா, அதை ஒருநாள் உட்கார்ந்து கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு கிலோ தண்ணீர். அது உறைந்தால் 334 கிலோஜூல். அந்தச் சதுரத்தின் மேல் 300 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றை 0.85 டிகிரி சூடாக்க அது போதும். மைனஸ் 2-இல் இருக்கும் ஒரு மெல்லிய குளிரடுக்கு, புதுக் குளிர் வந்து சேராவிட்டால், இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும். எல்லா வெப்பமும் காற்றுக்கே போய்விடாது, ஆகவே இது தோராயம்தான். ஆனாலும் ஒன்று புரிகிறது. கம்பி கட்டைவிரல் பருமனாக வேண்டும் என்றால், உள்நாட்டிலிருந்து வறண்ட குளிர்க் காற்று விடாமல் வடிந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைகளின் கிழக்குச் சரிவையொட்டி அது தெற்கே வழிந்து தேங்குகிறது. போர்ட்லாந்துக்குக் கொலம்பியா ஆற்றின் மலையிடுக்கு வழியாக வருகிறது. மெக்சிகோ வளைகுடாக் கரைக்கு மலையே வேண்டாம், சமவெளியில் தடையில்லாமல் பரவி வந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கம் கடல். நடுக் குளிர்காலத்திலும் 10, 12 டிகிரியில் கிடக்கும் தண்ணீர். நிலத்துப் பக்கமிருந்து வீசும் காற்று கொஞ்சம் சாய்ந்து கடல் மேலாக வந்துவிட்டால் அத்தோடு சரி, உறைமழை வெறும் மழையாகிவிடும். எங்கள் தலையெழுத்து காற்றுத் திசைகாட்டும் முள்ளின் சில டிகிரித் திருப்பத்தில் இருக்கிறது.

உங்கள் கணினி மாதிரிகள் இதைப் பிடிக்கத் திணறுவதும் புரிகிறது. உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் அமெரிக்க மாதிரியின் ஒரு கட்டம் ஏறத்தாழ 13 கி.மீ., ஐரோப்பிய மாதிரியுடையது 9 கி.மீ. அதைவிடக் குறுகிய மலையிடுக்கு அதன் கண்ணில் மழுங்கிய மேடு. மலையடியில் தேங்கிய குளிரை நிஜத்தைவிடச் சீக்கிரமாகவே கலைத்துவிடும் பழக்கமும் மாதிரிகளுக்கு உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாதிரி "இரவு 1 மணிக்குக் குளிர் விலகும்" என்றால், அனுபவமுள்ளவர் மனதில் 4 மணி என்றுதானே ஓடும்? அந்த 4 மணி ஏன் எங்கள் கைக்கு வருவதில்லை?

அன்று மாலை உங்கள் திரையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஐரோப்பிய வானிலை மையம் ஒரே முன்னறிவிப்பைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு 51 முறை ஓட்டுகிறது. பாதி ஓட்டங்களில் காற்று நள்ளிரவுக்கு முன்பே திரும்பி, பனிக்கட்டி பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பாதியில் விடியும்வரை திரும்பவில்லை, 10 மி.மீ. சராசரி 5. அந்த 5-ஐ எந்த ஓட்டமும் சொல்லவில்லை! நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்றுதான் எங்களுக்கு அறிவிப்பாக வந்தது. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால்தானே என்று குடும்பத்தோடு இறங்கியவன் கதைதான்.

எனக்கு வேண்டியிருந்தது இப்படி ஒரு பத்தி: "நிலத்துப் பக்கக் காற்று இரவு 2 மணி தாண்டியும் நின்றால், மரங்களும் மின்கம்பிகளும் முறியும் அளவுக்குப் பனிக்கட்டி சேரும். அதற்கு முன் கடல் பக்கம் திரும்பினால் வெறும் மழை. இரண்டுக்கும் ஏறக்குறையச் சம வாய்ப்பு. இரவு 10 மணிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்." இதைப் படித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கைபேசியைச் சார்ஜ் போட்டிருப்பேன், மரத்தடியிலிருந்து வண்டியை நகர்த்தியிருப்பேன், 10 மணிக்கு மறுபடி பார்த்திருப்பேன். பயந்து ஓடியிருக்க மாட்டேன்.

வராமல் போனால் "புலி வருது" கதையாகி, அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தயங்குகிறீர்கள். நியாயமான தயக்கம். ஆனால் காரணத்தைச் சொல்லி எச்சரித்தால் அந்த ஆபத்து குறைவு. காற்று முன்னதாகத் திரும்பியதால் தப்பித்தோம் என்று ஊருக்கே தெரியும். "லேசான வாய்ப்பு" என்று மழுப்பினால்தான், வந்தாலும் திட்டு, வராவிட்டாலும் திட்டு.

அந்த மில்லிமீட்டர் எண்ணைப் பற்றியும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. 5 மி.மீ. என்று சொல்கிறீர்களே, எதன் மேல்? தட்டையான பலகையின் மேலா, கம்பியைச் சுற்றியா? பலகையில் 10 மி.மீ. படிந்தால், கம்பியைச் சுற்றி ஏறத்தாழ 4 மி.மீ.தான் என்பது உங்கள் துறையில் புழங்கும் மாற்றுக் கணக்கு. அறிவிப்பில் எது என்று நான் இதுவரை பார்த்ததில்லை. அதைவிட முக்கியம், இந்த எண் ஏறுகிற விதம் எங்களுக்குத் தெரியாது. 1 செ.மீ. விட்டமுள்ள கம்பி, 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள். சுற்றிலும் 6 மி.மீ. பனிக்கட்டி என்றால் 11 கிலோ கூடும். 12 மி.மீ. என்றால் 30 கிலோ. 25 மி.மீ. என்றால் 100 கிலோ. தடிமன் இரட்டித்தால் பாரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. காதுக்கு 6-உம் 12-உம் அக்கம்பக்கத்து எண்களாகத்தான் கேட்கின்றன. ஒன்றில் விளக்கு மினுக்கும், இன்னொன்றில் ஒரு வாரம் இருட்டு. 2008 ஜனவரியில் தெற்குச் சீனத்தில், பனிக்கட்டிக்குப் பழக்கமில்லாத பகுதிகளில் மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. சென்சோ நகரம் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரமில்லாமல் கிடந்தது. ஓக்லஹோமாவில் உருவான ஸ்பெர்ரி-பில்ட்ஸ் குறியீடு பனிக்கட்டியின் தடிமனையும் காற்றின் வேகத்தையும் சேர்த்து, மின்கம்பிகளுக்கு என்ன ஆகும் என்று 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. புயலுக்கு எண் வைத்தால் நாங்கள் சட்டென்று புரிந்துகொள்கிறோமே, இதற்கும் அப்படி ஒன்றை முதல் வரியிலேயே போடலாம்.

எங்கள் மாதிரிக் கரைகளில் குளிர்காலத்திலும் இலை உதிராத மரங்கள் அதிகம். ஒவ்வொரு இலையும் பனிக்கட்டிக்கு ஒரு தட்டு. பல ஆண்டுகளாக எந்தப் பாரமும் சோதிக்காத கிளைகள் வேறு. குளிர்நாட்டுக் காட்டுக்குப் போட்ட அதே வரம்பை எங்களுக்கும் வைக்காதீர்கள்.

இனி அந்த 3 டிகிரி. என்னை உறங்க வைத்தது அதுதான். அன்று காற்று வறண்டிருந்தது. வெப்பநிலை 3, பனிநிலை (காற்றைக் குளிர்விக்கும்போது அதன் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 9 என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 1-ஐ ஒட்டி வரும். மழையின் முதல் துளிகள் ஆவியாகி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும், கடைசியில் அது வந்து நிற்கிற இடம் அந்த மைனஸ் 1. ஈரக்குமிழ் என்றால் ஒன்றுமில்லை, வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் காட்டுமே, அந்த எண். பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். "இப்போது 3 டிகிரி, மழை தொடங்கியதும் மைனஸுக்கு இறங்கும்" என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். கைபேசியில் சிரிக்கிற சூரியனும் மேகமும் இதைச் சொல்லாது.

பாலங்களைத் தனியாகச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரி 11 அதிகாலை, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் நெடுஞ்சாலையின் உயர்த்திய தடத்தில் 133 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி 6 பேர் இறந்தார்கள். அங்கே மரத்தை முறிக்கிற பனிக்கட்டி எதுவும் இல்லை. சாலையில் ஒட்டிய மெல்லிய படலம்தான்.

நேரமும் அப்படித்தான். 2014 ஜனவரி 28-இல் அட்லாண்டாவில் விழுந்தது 7 செ.மீ.கூட இல்லாத வெண்பனி. விடியற்காலை 4 மணிக்கு முன்பே எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டிருந்தது, ஆனால் பள்ளிகளும் அலுவலகங்களும் வழக்கம்போலத் திறந்தன. பனி விழத் தொடங்கியதும் எல்லாரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டன, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலும் பேருந்திலும் இரவைக் கழித்தார்கள். முடிவெடுக்கிறவர் காலை 5 மணிக்கு எழுந்து பார்ப்பதற்குள் மாறிவிடுகிற எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான். முந்தைய இரவு 10 மணிக்கே "இது மாறக்கூடும், 4 மணிக்குப் பாருங்கள்" என்று சொல்லிவைத்தால் அவர் அலாரம் வைத்துக்கொள்வார்.

இன்னொன்று, சின்னதுதான். மின்சாரம் போகும் என்று எச்சரிக்கும் அதே பத்தியில், ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள் என்றும் எழுதிவிடுங்கள். 2021-இல் ஹூஸ்டன் பகுதியில் குளிருக்குப் பயந்து இப்படிச் செய்தவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சில் மாட்டினார்கள். பழக்கமில்லாத ஊர்க்காரனுக்கு இது தானாகத் தோன்றாது.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது உங்கள் மேலிடத்துக்கு. மேலடுக்குகளின் வெப்பத்தை அளக்கும் வானிலை பலூன் வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் பறக்கிறது. நடு அடுக்கு 1 டிகிரியா 3 டிகிரியா என்பதே கேள்வியாக இருக்கும் இரவில், இடையில் ஒன்றைக் கூடுதலாக விடுங்கள். விட்டபின் அது என்ன காட்டியது என்பதை இரண்டு வரியில் எங்களுக்கும் சொல்லுங்கள்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். குமிழில் துணித்திரி சுற்றிய ஒரு வெப்பமானியைக் கொல்லையில் அதே கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் மழை வரும்போல் இருந்தால் திரியை நனைத்துவிட்டு வருவேன். அன்று பாரத்தில் இழுபட்ட கம்பி இன்னும் நடுவில் தொய்ந்துதான் கிடக்கிறது, மறுபடி இழுத்துக் கட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அறிவிப்பை இப்போதெல்லாம் இரவு 10 மணிக்கும் பார்க்கிற ஒருவன்