அமெரிக்காவில், லாரமியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். ராஜபாளையம் விஷயம் ஒருவழியாக முடிந்தது. சித்தப்பா பழையபடிதான். போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் வாசி.

முதலில் ரோடு. மார்ச் பிறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்காதே. உங்கள் பக்கம் கனத்த பனி மார்ச், ஏப்ரலில்தான் கொட்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். 7,200 அடி உயரத்தில் இருக்கிற ஊர் அது. டென்வர் பக்கம் போகிற 287ஆம் நெடுஞ்சாலையில் ரோட்டை மூடுகிற கேட்டை இறக்கியிருந்தால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பு. செயென் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று 80ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்காதே. அந்த ரோட்டில் லிங்கன் தலைச் சிலை வைத்திருக்கிற மேடு 8,640 அடி. மேலேயிருந்து விழுகிற பனியைவிடக் காற்று தரையோடு அள்ளிக்கொண்டு வருகிற பனிதான் கண்ணை மறைக்கும். அதைத் தடுக்கத்தானே ரோட்டோரம் வரிசை வரிசையாக மரவேலி அடித்திருக்கிறார்கள். பனியைப் படிக்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. கம்பளி, தண்ணீர், பனி அள்ளுகிற மண்வெட்டி எல்லாம் வண்டியிலேயே கிடக்கட்டும்.

2001இல் அந்த 287இல்தான் உங்கள் பல்கலைக்கழகத்து ஓட்டப்பந்தயப் பையன்கள் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பனியால் அல்ல, எதிரே குடித்துவிட்டு வந்தவனால். நீ அதைச் சொன்ன நாளிலிருந்து என் மனதை விட்டு அது போகவில்லை. நாம் ஒழுங்காக ஓட்டினால் மட்டும் போதாது, பாப்பா.

நான் செங்கோட்டை - புனலூர் லைனில் கார்டாக இருந்தவன். ஆரியங்காவு ஏற்றத்தில் மழைக்காலத்தில் வண்டி தாமதமானால் அடுத்த ஸ்டேஷனில் கேட்டால் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கார் ரோட்டில் யாரிடம் கேட்பது? லாரமியில் அந்த நடைமேம்பாலத்தில் நின்று கூட்ஸ் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அப்போதும் இதையேதான் நினைத்தேன். 1868இல் ரயில் வந்ததால் எழும்பிய ஊர், 1997க்குப் பிறகு ஒரு பேசஞ்சர் வண்டி கிடையாது. ஒன்று ஓடினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஊரைக் குறை சொல்லவில்லை. இங்கே யார் கேட்டாலும் பெருமையாகத்தான் சொல்கிறேன். 1870இல் பெண் ஒருத்தி முதன்முதலாகப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்ட ஊரில் என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஓட்டுப் போட்ட அந்த லூயிசா ஸ்வெய்ன் பாட்டியின் சிலைக்குப் பக்கத்தில் நீ நிற்கிற படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. படிப்பில் நீ என்னிடம் எதையும் மறைத்ததில்லை. மதிப்பெண் குறைந்த அன்றுகூட நேரே என்னிடம்தான் வந்து சொல்வாய்.

அம்மா கேட்கச் சொன்னாள். மாவு இப்போதாவது புளிக்கிறதா? அடுப்பு ஓவனுக்குள் லைட்டைப் போட்டு வைக்கச் சொன்னாளே, செய்தாயா? அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, வெறும் பாத்திரத்தில் பருப்பு வேகாது. குக்கரிலேயே வை. அரிசி எவ்வளவு போடுகிறாய்? இரண்டு பேருக்குப் போடுகிற அளவுதானே? போன மாதம் வாசல் பனியை நீயே அள்ளினேன் என்றாய். மாப்பிள்ளைக்கு வேலை இருந்திருக்கும்.

நெடுஞ்சாலைக் கேமராப் படங்களை என் போனில் நீதானே போட்டுக் கொடுத்தாய். மாப்பிள்ளை டென்வருக்கு மாறியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பார்த்துவிடுகிறேன். நீ வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் இங்கே விடியற்காலை ஐந்தரை. பால் வாங்கப் போவதற்கு முன்னால் ரோட்டைப் பார்ப்பேன். காய்ந்திருந்தால்தான் மனசு அடங்கும்.

"ரோடு மூடிட்டாங்கப்பா, இந்த வாரம் போகலை" என்றாய். அதற்கு முந்தின வாரமும் அதையே சொன்னாய். பாப்பா, இரண்டு தடவையும் ரோடு திறந்துதான் இருந்தது. நல்ல வெயில். கொலராடோ எல்லைப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அம்மாவிடம் சொல்லவில்லை. போகாதே, போகாதே என்று வருஷம் பூராவும் சொல்கிறவன் நான்தான். நீ போகாதது ஒருவகையில் நிம்மதிதான். ஆனால் போகாமல் இருப்பதற்கு என்னிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் உறுத்துகிறது. மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் அப்பா முந்தாநாள் பேசினார், அவரும் அதிகம் பேசவில்லை.

பெரியவளாகிவிட்டாய். உன் வீட்டு விஷயத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை என்று அம்மா சொல்வாள். இருக்கட்டும். எங்கள் விசா இன்னும் சில வருஷங்களுக்கு இருக்கிறது. நீ வா என்றால் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிடுவோம். நீ இங்கே வருவதானாலும் வா. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

எந்த முடிவு எடுத்தாலும் அழுதுகொண்டே வண்டி ஓட்டாதே. ராத்திரியில் கிளம்பாதே. கேட் இறக்கியிருந்தால் திரும்பிவிடு.

இந்தச் சனிக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவைக் கூப்பிடு என்று உடனே சொல்லாமல், முதலில் என்னிடம் கொஞ்ச நேரம் பேசு.

அன்புடன்,
அப்பா