அண்ணப்பிளவுக் குழந்தைகளின் பல் சீரமைப்பு அழகுக்காக அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு (வாயின் கூரையான அண்ணத்தில் உள்ள பிளவு) ஆகியவற்றுடன் பிறக்கும் குழந்தைகளுக்கான இலவச அறுவை சிகிச்சையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் உதட்டையும், ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தையும் மூடிவிட வேண்டும் என்று கட்டுரை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அத்துடன் நின்றுவிடுகிறது. அண்ணப்பிளவுடன் பிறந்த மகனை வளர்த்தவள் என்ற முறையில், அதன்பின் வரும் ஆண்டுகளைப் பற்றி, குறிப்பாக இக்குழந்தைகள் மூச்சுவிடும் விதத்தைப் பற்றி, எழுத விரும்புகிறேன்.

வாயின் கூரையே மூக்கின் தரை. அண்ணத்தைத் தைத்து மூடிய இடத்தில் உருவாகும் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதால், தாடை பக்கவாட்டிலும் முன்னோக்கியும் போதிய அளவு வளராமல் போகலாம்; அவ்வாறு தாடை குறுகும்போது மூக்கின் உள்வழியும் குறுகுகிறது. ஒருபக்கப் பிளவுள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு மூக்கின் நடுச்சுவர் வளைந்தும், பிளவுப் பக்கத்து நாசித் துவாரம் தட்டையாகவும் இருப்பதால் அடைப்பு மேலும் கூடுகிறது. எனவே குழந்தை வாயால் மூச்சுவிடத் தொடங்குகிறது. வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே தங்கிவிடும். உள்ளிருந்து மேல்தாடையைத் தாங்கி நிற்க ஒன்றும் இல்லாததால் அது இன்னும் குறுகும். வாய் உலர்வதால் சொத்தைப் பல்லும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் கெட்ட பழக்கம் என்று எண்ணி, வீட்டிலும் பள்ளியிலும் “வாயை மூடு” என்று குழந்தையை அதட்டுகிறோம். மூக்கு வழியாகக் காற்று போகாத குழந்தையிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை ஆசிரியர்களாவது உணர வேண்டும்.

ஏறத்தாழ ஏழு வயது முதல் பத்து வயது வரையுள்ள காலத்தில் பல் சீரமைப்பு மருத்துவர்கள் மேல் கடைவாய்ப் பற்களில் கம்பிச் சுருளையோ திருகாணி உள்ள கருவியையோ பொருத்தித் தாடையைச் சிறிது சிறிதாக விரிக்கிறார்கள். பல் வரிசையோடு மூக்கின் தரையும் அகல்வதால், பல குழந்தைகளுக்கு மூச்சு இலகுவாகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வளைந்த நடுச்சுவரை இந்தக் கருவியால் நேராக்க முடியாது. விரித்த தாடையைத் தழும்பு மீண்டும் உள்ளிழுக்கும் என்பதால், விரித்தபின் அதைப் பிடித்துவைக்கும் கம்பியைக் கழற்றாமல் வைத்திருப்பதும், கோரைப்பல் முளைப்பதற்கு முன், பெரும்பாலும் எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையே, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பைப் பல் ஈறு எலும்பில் உள்ள பிளவில் நிரப்புவதும் மிக முக்கியம். பிளவின் வழியே பல் முளைத்த பிறகு வந்தால் அந்த அறுவை சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு குறைகிறது. அண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாதிருந்த சிறு துளை, தாடை விரியும்போது பெரிதாகித் தண்ணீர் மூக்கில் ஏறுவதும் உண்டு. முன்கூட்டியே சொல்லப்படாத பெற்றோர், தையல் பிரிந்துவிட்டதோ என்று பயந்து சிகிச்சையையே கைவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையையும் அவசியம் சொல்ல வேண்டும். மூக்கடைப்புக்கும் குறட்டைக்கும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையை அகற்றுவது மற்றக் குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை. அண்ணப்பிளவுக் குழந்தையின் மென்னண்ணமோ (அண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதி) பெரும்பாலும் குட்டையானது; பேசும்போது அது மேலெழுந்து மூக்கின் பின்வழியை மூடுவதற்கு அந்தச் சதை துணை நிற்கக்கூடும். அதை முழுவதுமாக எடுத்துவிட்டால் காற்று மூக்கு வழியே கசிந்து பேச்சு குழறலாம். அதேபோல், பேச்சைத் திருத்துவதற்காகத் தொண்டையில் செய்யப்படும் அறுவை சிகிச்சை சிலருக்கு மூக்கு வழியை அடைத்து, தூக்கத்தில் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். பேச்சைக் காப்பதும் மூச்சைக் காப்பதும் இப்படி எதிரெதிராக இழுப்பதால்தான், காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் சீரமைப்பு மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், அறுவை சிகிச்சை நிபுணர் ஆகிய நால்வரும் குழந்தையை ஒரே இடத்தில், ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். தனித்தனியாக அலைந்த எங்களுக்கு ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அறையிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

2013இல் தொடங்கப்பட்ட, குழந்தைகளைப் பரிசோதித்துக் குறைபாடுகளைக் கண்டறியும் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம், பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கானது. அதன் பட்டியலில் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் உள்ளன. எனவே பள்ளிகளுக்கு வரும் அத்திட்டத்தின் மருத்துவக் குழுவினர், உதட்டில் தழும்புள்ள குழந்தையைக் கண்டால் “அறுவை சிகிச்சை முடிந்தது” என்று எழுதிவிட்டு நகராமல், இரவில் குறட்டை விடுகிறதா, வாய் திறந்து தூங்குகிறதா, மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றனவா என்று கேட்டும் பார்த்தும், தேவைப்பட்டால் பல் சீரமைப்புக்கு அனுப்ப வேண்டும். உதட்டில் பிளவில்லாமல் அண்ணத்தில் மட்டும் பிளவிருந்த குழந்தைகளுக்கு வெளித் தழும்பே இராது என்பதால், பெற்றோரிடம் கேட்டால்தான் தெரியும். மருத்துவமனைகளும், அண்ணத்தை மூடிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே, ஏழு வயதில் பல் சீரமைப்பு மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும் என்பதைத் தமிழில், ஆண்டைக் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கும்பகோணம்.