எங்கள் இரவை முழுதாக அளந்து பாருங்கள்: இரைச்சல் வரம்பு வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ரயில்பாதை எவ்வளவு சத்தம் போடலாம், காற்றாலை எவ்வளவு சத்தம் போடலாம் என்று கணக்குப் போட்டு அனுமதி தருபவர்கள் நீங்கள். அந்தக் கணக்குக்கு நடுவே படுத்துத் தூங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்கு ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் காற்றாலைகள். இரண்டையும் அகற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ரயிலும் வேண்டும், காற்று மின்சாரமும் வேண்டும். லாரிப் புகையையும் நிலக்கரியையும் குறைக்க இவை இல்லாமல் முடியாது என்று மனதார நம்புகிறேன். நான் கேட்பது நீங்கள் அளக்கும் முறையைப் பற்றி.

என் வீட்டில் ஒரு இரவு எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி வரும். சத்தம் கேட்பதற்கு முன்பே கட்டிலில் தெரிந்துவிடும். தரை வழியாக வரும் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும். அப்புறம் தடதடவென்று வண்டி கடந்து போகும். அரை நிமிடம், நீளமான வண்டி என்றால் இன்னும் கொஞ்சம். சரி, போய்விட்டது என்று புரண்டு படுத்தால், அப்போதுதான் மற்றது காதில் விழும். உஸ்... உஸ்... உஸ்... கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தரம். படுக்கப் போகும்போதும் அது இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டேன். ரயில் எழுப்பிவிட்ட காது எதையும் விடுவதில்லை. அடுத்த உஸ் எப்போது என்று காத்திருக்க ஆரம்பித்துவிடும். ரயில் எழுப்புகிறது, காற்றாலை மறுபடி தூங்க விடுவதில்லை. என் பல வருட இரவுகள் இப்படித்தான் கழிகின்றன.

இதை இரண்டு இடங்களுக்கும் எழுதிக் கேட்டேன். ரயில் தரப்பில் அளந்துவிட்டு, வரம்புக்குள் இருக்கிறது என்று பதில் அனுப்பினார்கள். காற்றாலைத் தரப்பிலும் அதே பதில். இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் காற்றாலை அளவீட்டின் குறிப்பில் ஒரு வரி இருந்தது: ரயில் கடக்கும் நேரங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. நான் திடுக்கிட்டு எழுந்த நேரங்கள் எல்லாம் அந்த நீக்கத்தில் போய்விட்டன. அந்த வரியைப் படித்த அன்று வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இப்போது சராசரிக்கு வருகிறேன். இரவு எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரயில், 75 டெசிபலில், அரை நிமிடம் மட்டும் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரம் முழு அமைதி. அந்த அரை நிமிடத்தின் ஒலி ஆற்றலை எட்டு மணி நேரத்துக்கும் பரப்பினால் சராசரி சுமார் 45 டெசிபல் வரும். காகிதத்தில் அது அமைதியான இரவு. அப்படி ஒரு ரயிலுக்குப் பதிலாக இரண்டு ரயில் ஓடினால் சராசரி 3 டெசிபல்தான் ஏறும். விழிப்பு மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாகிவிடும். டெசிபல் மடக்கை அளவு, அதாவது ஒலி ஆற்றல் பத்து மடங்கானாலும் எண் 10தான் ஏறும் என்பதால் வரும் வினை இது. பொறியாளர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் வரம்பு வகுக்கும் மேசையில் இதன் பொருள் என்ன என்று யாராவது உரக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இரண்டு சத்தங்களையும் வெறுமனே கூட்டினால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 45ம் 45ம் சேர்ந்தால் டெசிபல் கணக்கில் 48தான். ஒன்று எழுப்புவதும் மற்றொன்று விழிக்க வைத்திருப்பதும் அந்த 48க்குள் எங்கேயும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை நீங்கள் படித்திருப்பீர்கள். மாலைக்கு 5, இரவுக்கு 10 டெசிபல் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடும் நாள் சராசரியில் ரயில் சத்தம் 54க்குக் கீழே இருக்க வேண்டும், இரவுச் சராசரி 44க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அது. காற்றாலைக்கு நாள் சராசரி 45, அதுவும் நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை. காற்றாலையின் இரவுச் சத்தத்துக்கு எந்த எண்ணும் தரவில்லை, போதிய தரமான ஆதாரம் இல்லை என்பதால். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் எண் இல்லை என்பதைப் பிரச்சினை இல்லை என்று சிலர் படிக்கிறார்கள்.

காற்றாலையின் இரவு தனி. பகலில் காற்றடித்தால் மரம் மட்டை எல்லாம் சலசலக்கும், இறக்கைச் சத்தம் அதில் கரைந்துவிடும். தெளிந்த வானமுள்ள இரவில் தரையருகே காற்று அடங்கிவிடுகிறது. இலை அசையாது. ஆனால் காற்றாலையின் உச்சியில் காற்று வீசிக்கொண்டுதான் இருக்கும். நெதர்லாந்து ஆய்வாளர் ஃபன் டென் பெர்க் 2004இல் இதை அளந்து காட்டினார். தரையருகே அளந்த காற்றை வைத்து எதிர்பார்த்ததைவிட உச்சியில் காற்று 2.6 மடங்கு வரை வேகமாக இருந்தது. அதே தரைக்காற்று வேகமுள்ள பகலோடு ஒப்பிட்டால் சத்தம் 15 டெசிபல் வரை கூடியது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது, யாரோ என் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு எழுதியது போல இருந்தது. தூக்கம் வேண்டிய நேரத்தில் மறைக்கும் சத்தம் போய்விடுகிறது, மறைக்க வேண்டிய சத்தம் ஏறிவிடுகிறது. அதோடு அது ஏறி இறங்கும் சத்தம். இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே வரும்போது ஏறி, கடந்ததும் இறங்கும். ஒரே சீராக இருக்கும் மின்விசிறிச் சத்தத்தை மனது மறந்துவிடும். இதை மறக்காது. இதே டெசிபலில் ரயிலோ சாலையோ தரும் எரிச்சலைவிடக் காற்றாலை தரும் எரிச்சல் அதிகம் என்று 2004இல் ஸ்வீடனில் நடந்த ஆய்வும் கண்டது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காதுக்கு எட்டாத ஒலி வந்து நோய் தருகிறது என்று சிலர் பரப்புகிறார்கள். அவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். கனடாவின் சுகாதாரத் துறை 2014இல் வெளியிட்ட ஆய்வில் காற்றாலைச் சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடுவது தெரிந்தது. தூக்கத்துக்கும் நோய்க்கும் அப்படித் தொடர்பு காணப்படவில்லை. அதை ஏற்கிறேன். காதுக்குக் கேட்கிற சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறேன், அது போதும்.

ரயில் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஏனென்றால் வழி கண்டுபிடித்தாகிவிட்டது. கூட்ஸ் வண்டி ஏன் அவ்வளவு கத்துகிறது? பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தின் மேற்பரப்பை ஒவ்வொரு முறையும் சொரசொரப்பாக்கிவிடுகின்றன. அந்தச் சக்கரம் பிரேக் போடாதபோதும் தடதடத்துக்கொண்டே ஓடும். அவற்றுக்குப் பதிலாகக் கலப்புப் பொருளால் ஆன கட்டைகளைப் பொருத்தினால் சக்கரம் வழவழப்பாகவே இருக்கும், சத்தம் 10 டெசிபல் வரை குறையும். காதுக்கு அது பாதியாகக் கேட்கும். ஸ்விட்சர்லாந்து 2020இலிருந்து சத்தமான சரக்குப் பெட்டிகளை அனுமதிப்பதில்லை. ஜெர்மனியில் அதே ஆண்டு டிசம்பரில் தடை வந்தது. அதற்கு முன் ஜெர்மனியில் ஒரு சலுகை இருந்தது, ரயில் சத்தம் மற்றவற்றைவிடக் குறைவாக எரிச்சலூட்டும் என்று சொல்லி அளவிலிருந்து 5 டெசிபலைக் கழித்துவிடுவார்கள். 2015இல் ரயில்பாதைகளுக்கு அதை எடுத்துவிட்டார்கள். எழுதிய விதியை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்! தண்டவாளத்தைச் சாணை பிடிப்பது, ஜல்லிக்கு அடியில் அதிர்வு தாங்கும் விரிப்பு போடுவது எல்லாம் இருக்கிறது. இரவில் மட்டும் வேகத்தைக் குறைத்தாலே பலன் தெரியும். வேகம் பாதியானால் சக்கரச் சத்தம் 9 டெசிபல் அளவுக்குக் குறையும்.

காற்றாலைக்கும் வழி இருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பில் ரம்பப்பல் போன்ற பட்டைகளை ஒட்டலாம், ஆந்தையின் இறகைப் பார்த்துப் பழகிய உத்தி அது. சுழலும் வேகத்தைக் குறைத்து ஓட்டும் முறை புதிய காற்றாலைகள் பலவற்றில் உண்டு. கொஞ்சம் மின்சாரம் குறையும். எல்லா இரவும் கேட்கவில்லை, கீழே காற்று அடங்கி மேலே வீசும் இரவுகளில் மட்டும் கேட்கிறேன்.

ஆகவே இதைச் செய்யுங்கள். சராசரியோடு சேர்த்து, இரவில் எத்தனை முறை, எவ்வளவு உச்சத்துக்குச் சத்தம் போகிறது என்ற எண்ணிக்கைக்கும் வரம்பு வையுங்கள். ஒரே வீட்டைத் தொடும் இரண்டு சத்தங்களை இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாக அளந்து, மற்றவருடையதை நீக்கி அறிக்கை தருவதை நிறுத்துங்கள். ஒரே கருவி, ஒரே இரவு, படுக்கையறை ஜன்னலோரம், எதையும் நீக்காத பதிவு. காற்றாலைக்கு அளக்கும்போது தரைக்காற்றை மட்டும் பார்க்காமல் உச்சியில் வீசும் காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய அனுமதி கேட்டு எவர் வந்தாலும், அங்கே ஏற்கெனவே என்ன சத்தம் இருக்கிறது, அது எந்த நேரத்தில் மக்களை எழுப்புகிறது என்று முதலில் கேளுங்கள்.

நான் விழித்த நேரங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எந்த நேரம், ரயிலா வேறா, மறுபடி தூங்க எவ்வளவு நேரம் ஆயிற்று, வெளியே இலை அசைந்ததா இல்லையா. அதை உங்கள் அளவீட்டுப் பதிவோடு வைத்துப் பார்க்க உங்களில் ஒருவர் முன்வந்தால், நோட்டை அப்படியே தருகிறேன். காற்று அடங்கிய ஒரு இரவில் கருவியோடு வாருங்கள். தண்டவாளத்தைப் பார்த்த அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தண்டவாளத்துக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே குடியிருப்பவள்