அரப்புப் பொடியும் ஷாம்பு பாட்டிலும்

பாலக்கோடு
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே புளி உலுக்கி முடித்து, ஓடு தட்டும் வேலை நடக்கிறது. திண்ணை முழுக்கப் புளிதான். மாமரங்களில் பிஞ்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. காற்று வீசிக் கொட்டாமல் இருந்தால் ஆனியில் உனக்கு ஒரு கூடை பெங்களூரா அனுப்புகிறேன்.

உன் மருமகள் கடிதத்தின் அடியில் தன் கையால் எழுதியிருந்த கேள்வியை நான்கு முறை படித்தேன். 'ஆன்ட்டி, செம்பருத்தி, கற்றாழை, பூந்திக்கொட்டை போட்டு ஷாம்பு செய்கிறேன். பிரிசர்வேட்டிவ் எதுவும் சேர்க்காமல் ஆறு மாதம் கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?' குழந்தை ஆசையோடு கேட்டிருக்கிறாள். மழுப்பாமல் பதில் சொல்வதுதான் அவளுக்கு நான் செய்யும் மரியாதை. அப்படி ஒரு வழி கிடையாது, வசந்தா. தண்ணீர் கலந்த ஷாம்புவை, திறந்து மூடும் பாட்டிலில் ஊற்றி, பதப்பொருள் போடாமல் விற்கக் கூடாது. இதைச் சொல்வதற்கு நான் கொடுத்த விலை பெரியது. அதை உனக்குக்கூட இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

என் அம்மா எப்படித் தலைக்கு ஊற்றிவிடுவார் என்பது உனக்கு நினைவிருக்கும். கல்லூரி விடுமுறையில் நீ வந்து தங்கிய நாட்களில் உன் தலையும் அந்தக் கையில் மாட்டியிருக்கிறது. உசிலை இலையை நிழலில் உலர்த்தி இடித்த அரப்புத் தூளைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார். ஒரு வருடம் ஆனாலும் அதில் பூச்சி வராது, பூசணம் பிடிக்காது. சனிக்கிழமை காலையில் வடிகஞ்சியில் ஒரு கைப்பிடி கரைத்து, அப்போதே தேய்த்து, அப்போதே அலசிவிடுவார். மிச்சம் இருந்தால் வாழைமரத்தடியில் கொட்டிவிடுவார். ஒருநாள் நான் சோம்பலில் மிச்சத்தைக் கிண்ணத்தோடு குளியலறையில் விட்டுவிட்டேன். மறுநாள் புளித்த வாடை. மேலே மெல்லிய ஏடு. அதே அரப்புதான். உலர்ந்த தூளாக ஒரு வருடம் தாங்கியது, நனைந்ததும் ஒரு நாள் தாங்கவில்லை. கிருமி வளர ஈரம் வேண்டும். ஷாம்பு என்பது முக்கால் பங்குக்குத் தண்ணீர். அதில் இலைச்சாறு, பூச்சாறு என்று நாம் சேர்ப்பதெல்லாம் தலைமுடிக்குப் போய்ச் சேருமோ இல்லையோ, கிருமிக்கு நல்ல சாப்பாடு.

இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் ஓய்வு பெற்று, ஷாம்பு செய்து விற்கும் இந்த வேலையைத் தொடங்கிய முதல் வருடத்தில் 'ரசாயனம் இல்லாதது' என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் லேபிளில் அப்படியே அச்சடித்தேன். செம்பருத்தி இலைச்சாறும் கற்றாழையும் போட்டு, எங்கள் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினேன். வைட்டமின் ஈ சில சொட்டு, வேப்பெண்ணெய் சில சொட்டு. அவை காப்பாற்றிவிடும் என்று நம்பினேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து, என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியை தன் மகளுக்காக இரண்டு பாட்டில் வாங்கிப் போனார். ஐந்தாவது வாரம் போன் செய்தார். பிள்ளையின் உச்சந்தலையில் சீழ்க்கொப்புளங்கள்.

அவர் திருப்பிக் கொடுத்த பாட்டிலை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டுச் சுவர் லேசாக உப்பியிருந்தது. மூடியைத் திருகியதும் சோடா போல 'புஸ்' என்று காற்று வந்தது. கெட்டியாக ஊற்றி அனுப்பிய ஷாம்பு தண்ணீராகிவிட்டிருந்தது. சாய்த்தால் சளி போல நூல்விட்டு இறங்கியது. மேலே தைலம் மணந்தது, அடியில் பழங்கஞ்சி நாறியது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். அழகுசாதனப் பொருளில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கிருமி என்பது பொதுவான மேல் எல்லை. அந்தப் பாட்டிலில் லட்சக்கணக்கில் இருந்தன. கொப்புளத்துக்கு அதுதான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த எண்ணிக்கையே போதும். விற்ற வீடுகளுக்கெல்லாம் நானே நடந்துபோய்ப் பாட்டில்களைத் திரும்ப வாங்கினேன். அந்தப் பிள்ளைக்குக் குணமாகும் வரை வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் பென்னாகரம் போய் வந்தேன்.

நீ பல வருடம் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தவள். உன் மருமகளிடம், 'கூழ் கெடாமல் இருக்கிறதே, ஷாம்பு ஏன் இருக்காது' என்ற கேள்வி வந்தால் என்னைவிட நீயே நன்றாக விளக்கலாம். மாங்கூழ் இயல்பிலேயே புளிப்பு, புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அதைச் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறீர்கள். திறந்த டின்னை யாரும் ஆறு மாதம் வைத்துத் தின்பதில்லை. ஷாம்பு பாட்டிலை நாம் தினமும் திறக்கிறோம், ஈரக் கையால் திறக்கிறோம், குளியலறைச் சூட்டிலேயே வைக்கிறோம். அதோடு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாட்டில் தீரும் நேரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி இன்னும் ஒரு வாரம் ஓட்டுவோம். பதப்பொருளின் அளவு அங்கே பாதியாகிவிடுகிறது, கிருமியும் புதிதாக உள்ளே போகிறது. நான் அளவு வைக்கும்போது இந்தக் கடைசி வாரத்தையும் நினைத்துத்தான் வைக்கிறேன். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்ததும், அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைப் பாக்கெட்டில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனதும் விலைக்காகத்தான். ஆனால் ஒரு தலைக்கு ஒரு பாக்கெட் என்பதில் இந்த நன்மையும் சேர்ந்தே கிடைத்தது: திறந்ததை அன்றே தீர்த்துவிடலாம்.

முதல் தவறோடு நான் நிற்கவில்லை, வசந்தா. அடுத்த முறை சோடியம் பென்சோவேட் போட்டேன். பழ ஸ்குவாஷிலும் ஊறுகாயிலும் போடும் அதே பொருள்தான். அதுவும் இரண்டு மாதத்தில் கெட்டது. அன்று இரவு நம் கல்லூரி நோட்டைத் தேடி எடுத்தேன். தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரியில் நீயும் நானும் மாறி மாறி ஒப்பித்த அமிலச் சமன்பாடு அதில் இருந்தது. பென்சோவேட் உப்பாக இருக்கும்வரை கிருமியை ஒன்றும் செய்யாது. அதில் பென்சாயிக் அமிலமாக மாறும் பங்கு மட்டுமே கிருமியின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். பி.எச். 4.2-ல் பாதி அமிலமாக இருக்கும். 5.2-ல் பதினொன்றில் ஒரு பங்குதான். 6.2-ல் நூற்றில் ஒரு பங்கு. என் ஷாம்புவைப் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தேன்: 6-க்கும் 7-க்கும் நடுவே. கிலோவுக்கு ஐந்து கிராம் போட்டும் காவலுக்கு நின்றது அதில் ஒரு துளிதான். இருபது வயதில் மனப்பாடம் செய்ததன் அர்த்தம் எனக்கு அறுபதில் புரிந்தது.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன், அவளிடம் கொடு. தண்ணீர் வாலை வடித்ததாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளூரைடும் எவ்வளவு என்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் கறை படிந்த பற்களைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியும். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் இரும்பும் போகாது. ஈ.டி.டி.ஏ. உப்பு கிலோவுக்கு ஒரு கிராம். அது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். சூடோமோனாஸ் என்ற பிடிவாதக்காரக் கிருமியின் வெளிச்சுவர் அந்த இரண்டையும் கொண்டுதான் இறுகி நிற்கிறது. அவற்றை உருவிவிட்டால் சுவர் தளர்ந்து, பதப்பொருள் எளிதாக உள்ளே போகும்.

பிறகு கிலோவுக்குப் பென்சோவேட் ஐந்து கிராம், பொட்டாசியம் சார்பேட் என்ற இன்னொரு பதப்பொருள் மூன்று கிராம். இரண்டையும் முதலிலேயே தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். நுரைப்பொருள், கோகோ பீட்டெய்ன் என்ற மிதமான துணை நுரைப்பொருள், கொஞ்சம் கிளிசரின் எல்லாம் கலந்த பிறகு, சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பி.எச். 4.8-க்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் புள்ளியில் சார்பேட்டில் ஏறக்குறைய பாதியும் பென்சோவேட்டில் ஐந்தில் ஒரு பங்கும் அமிலமாக வேலை செய்யும். தலைத் தோலும் லேசான புளிப்புத்தான், அதனால் உறுத்தாது. அவசரப்பட்டு அமிலத்தை முதலில் கொட்டிவிட்டுப் பென்சோவேட்டைப் பிறகு போட்டால், சுண்ணாம்புத் தூள் போல வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். உப்புப் போட்டுக் கெட்டியாக்குவதும் அப்படியே. சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் கம்பங்கூழ் பதத்துக்கு வரும். ஓர் அளவைத் தாண்டினால் மறுபடி தண்ணீராகிவிடும். தாள் போதாது, பி.எச். மீட்டர் வாங்கச் சொல். பாத்திரத்தையும் பாட்டிலையும் கொதிநீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே ஊற்ற வேண்டும். அழுக்காகச் செய்துவிட்டுப் பதப்பொருளைக் கூட்டிப் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

வைட்டமின் ஈ பற்றி ஒரு வார்த்தை. அது எண்ணெய் காறிப்போகாமல் காக்கும். கிருமியைத் தொடாது. ரோஸ்மேரிச் சாறும் அப்படித்தான். இந்தக் குழப்பத்தால் எத்தனையோ பெண்கள் நல்ல மனதோடு கெட்ட பாட்டில்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிசர்வேட்டிவ் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் ஒதுங்குகிறார்கள் என்று அவள் எழுதியிருப்பது உண்மைதான். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பயம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு பாடம் கண்முன் இருக்கிறது. பாரபென் என்ற பழைய பதப்பொருள் வேண்டாம் என்று உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தபோது பல கம்பெனிகள் மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. பல நாடுகளில் தோல் ஒவ்வாமை கூடியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-ல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலில் விடும் பொருட்களில் அதைப் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் நிறுத்தியது. நீண்ட காலம் சோதித்துப் பார்த்த ஒன்றைப் பயத்தில் தூக்கி எறிந்ததால் வந்த வினை அது. பொருளின் பெயரைப் பார்த்து ஓடாமல் அளவைப் பார்க்கச் சொல்.

செய்து முடித்ததும் ஆய்வகத்தில் 'சேலஞ்ச் டெஸ்ட்' கொடுக்க வேண்டும். மூன்று பாக்டீரியா, ஓர் ஈஸ்ட், ஒரு பூஞ்சை என ஐந்தை வேண்டுமென்றே ஷாம்புவில் விட்டு 28 நாள் பார்ப்பார்கள். ஏழாம் நாளுக்குள் பாக்டீரியா ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். செலவுதான். நான் நகைச்சீட்டுப் பணத்தில் கொடுத்தேன். அதன் பிறகுதான் இரவில் தூக்கம் வந்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமமும் வேண்டும். 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளில் எல்லாம் இருக்கிறது. உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, இவை இல்லாமல் ஒரு பாட்டிலும் வெளியே போகக் கூடாது.

பதப்பொருளே வேண்டாம் என்று அவள் மனம் உறுதியாக இருந்தால் அதற்கும் நல்ல பாதை இருக்கிறது. தூளாக விற்கட்டும். சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை, உலர்ந்த செம்பருத்தி, வெந்தயம். முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் கரண்டி படக் கூடாது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பொட்டலம். 'கரைத்த அன்றே தீர்த்துவிடுங்கள்' என்று மேலே அச்சடிக்கட்டும். என் அம்மா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. அதைவிடச் சரியான லேபிள் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவளை அனுப்பி வை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக வரும் தர்மபுரி பஸ்ஸில் ஏறினால் பாலக்கோட்டில் இறங்கிவிடலாம், நான் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். அவள் செய்த ஷாம்புவில் ஒரு பாட்டில் கொண்டுவரட்டும், எந்தத் தேதியில் ஊற்றியது என்று மேலே எழுதி. இருவரும் சேர்ந்து பி.எச். பார்ப்போம். முட்டி ஒத்துழைத்தால் நீயும் வா. அரப்பு இடித்து வைத்திருக்கிறேன், காலையில் தலைக்கு ஊற்றிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
கமலா